டிக்கெட்டின் பின்பக்கம்

இருபத்தாறு வருஷம் இடது தோளில் ஒரு பை.
சில்லறை கனக்கும், வார் வியர்வையில் நாறும்.
டிப்போவில் எண்ணிக் கொடுத்துவிட்டால்
வெறுந்தோளோடு வீட்டுக்குப் போகலாம்.

இது வலப்பக்கம், தொப்புளுக்குக் கீழே.
வாங்கிக்கொள்ள எந்த டிப்போவிலும் ஆளில்லை.

கோட்டைக்குள் தண்ணீரில் இருந்த சாமியின் பேரை
அப்பா எனக்கு வைத்தார், ஜலகண்டேசன்.
'பேருக்கேத்த வியாதிதான்' என்று
ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நானேதான் சிரித்தேன்.

நேற்று பரிசோதனை. டோக்கன் நூற்றுப் பதினாலு.
திரையில் படம் பார்த்து 'கிளீனா இருக்கு' என்றார் டாக்டர்.
நல்ல மனுஷன். அந்தக் கை இல்லாவிட்டால் நான் இல்லை.
எழுந்திருப்பதற்குள் நூற்றுப் பதினைந்து
கதவைத் திறந்துவிட்டது.

டிக்கெட் சுருளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிப்போனவை
சட்டைப்பையில் மடிப்புக் கலையாமல் திரும்பின:

பெல்ட்டை அதற்கு மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா.
ஆற்காடு தாண்டி நிரம்பினால்
டிரைவரிடம் என்ன சொல்லி வண்டியை நிறுத்துவது.
திமிரியில் ஒருதரம் நிறுத்தினேன்,
டீக்கடைக்குப் பின்னால் முள்வேலி, அதற்குப் பின்னால்
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்.
காப்பீட்டு அட்டை கத்திக்குச் செல்லும்,
மாதா மாதம் வாங்கும் பைக்கு ஏன் செல்லாது.
மாசியிலேயே பசை இளகுகிறதே,
வேலூர் வெயிலுக்குச் சித்திரையில் என்ன செய்ய.

கடைசியாக
ரேணுகா
என்று மட்டும் எழுதியிருந்தேன்.
அதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று
பேனா அங்கேயே நின்றிருக்கிறது.

அவள் கட்டிலில், நான் பாயில், ஏழு மாதமாக.
திரும்பிப் படுத்தால் ரப்பர் விரிப்பு சத்தம் போடும்.
விழித்திருப்பது இருவருக்கும் தெரியும்.

'பொழச்சிக்கினியே, அதுவே பெருசுபா.'
எல்லோரும் சொல்கிறார்கள், மச்சான், டைம்கீப்பர்,
மேல்வீட்டு வாத்தியார்.
அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு வார்த்தை ஏற இடமிருக்காது,
தீபாவளிக்கு முந்தின நாள் வண்டி மாதிரி.

காந்தி ரோடு மருந்துக்கடை.
பலகையில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளம்.
எனக்கு முன்னால் நின்றவர் ஏதோ கேட்க
கடைப் பையன் அவர் பாஷையிலேயே பேசி
எடுத்துவைத்தான்.
அதே அட்டைப்பெட்டி. அதே அளவு.
அவர் என் சீட்டைப் பார்த்தார்.
பிறகு, வெளியே இழுத்துவிட்ட என் சட்டையைப் பார்த்தார்.

லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில்
ஜிப்பாவைத் தூக்கிக் காட்டினார்.
பழைய புடவையின் சிவப்புக் கரையில் தைத்த இடுப்புப்பட்டி,
அதில் ஓர் உறை, உறைக்குள் பை,
தொட்டில் பிள்ளை மாதிரி.
சுற்றிக் காட்டினார், குனிந்து காட்டினார்,
ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது போலக்கூட நடித்துக் காட்டினார்.
கண்டக்டர் என்று நான் சொல்லவே இல்லை.

அவர் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள்.
பட்டி ஒருபக்கம் சரிந்ததும்
பேச்சை நிறுத்தாமல், முகம் சுளிக்காமல்
கையை நீட்டி அதைச் சரிசெய்தாள்,
சட்டைப் பித்தான் போட்டுவிடுவது போல.
நான் சுவரைப் பார்த்தேன்.
பைத் தொல்லை எல்லாம் பொறுத்தவனுக்கு
அது பொறுக்கவில்லை.

பேர் கேட்கவில்லை. ஊர் கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது.
கும்பிட்டுவிட்டு சத்துவாச்சாரி வண்டி ஏறினேன்.
உட்கார்ந்துகொண்டு அந்தக் காகிதத்தைப் பிரித்தேன்.
முன்பக்கத்தில் புறப்பட்ட இடம், சேரும் இடம், கட்டணம்
எல்லாம் வெளிறிப்போய்விட்டன.
பின்பக்கத்தில் பேனா மை அப்படியே இருந்தது.

வீட்டில் குக்கர் இரண்டாவது விசில்.
'உன் பழைய புடவை ஏதாவது இருக்கா?'
'எதுக்கு?'

சொல்ல வராமல் சட்டை நுனியைப் பிடித்தேன்.
கை பாதியில் நின்றது.
அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.